எச்-4, பி.காம்., கம்யூனிட்டி காலேஜ்: எந்தக் கணக்கு வகுப்பில் சேருவது?

வைகைக்கரை

எல்லோருக்கும் வணக்கம். கலிஃபோர்னியாவில் சன்னிவேலில் இருக்கிறேன், எச்-4 விசா (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்தாருக்கான விசா). மதுரையில் பி.காம். முடித்துவிட்டு ஒரு ஆடிட்டர் ஆபீஸில் சில வருடம் வேலை பார்த்தேன். டேலி, ஜிஎஸ்டி ரிட்டர்ன், டிடிஎஸ், பேங்க் ரீகன்சிலியேஷன் எல்லாம் கைப்பழக்கம். சிஏ இன்டரில் ஒரு குரூப் முடித்த நேரத்தில் கல்யாணம், அத்தோடு நின்றுவிட்டது. பையன் இப்போது கிண்டர்கார்டன் போகிறான், பகலில் நேரம் இருக்கிறது. கணவருக்கு ஐ-140 (கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் மனு) இன்னும் ஆகவில்லை, எனவே எனக்கு இஏடி, அதாவது வேலை அனுமதி, கிடையாது.

பக்கத்திலேயே டி ஆன்சா, ஃபுட்ஹில் என்று இரண்டு கம்யூனிட்டி காலேஜ். அக்கவுண்டிங் பட்டியலைத் திறந்தால் 1ஏ, 1பி, 1சி என்று அடிப்படை வகுப்புகள், அப்புறம் இன்டர்மீடியட், டாக்ஸ், ஆடிட்டிங் என்று போய்க்கொண்டே இருக்கிறது. எச்-4இல் இருந்துகொண்டே படிக்கலாமா, எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டுமா? பி.காம். படித்தவள் திரும்பவும் 1ஏ-வில் போய் உட்கார்ந்து டெபிட் கிரெடிட் படிப்பது வீண் வேலையா? படித்தால் வேலை கிடைக்குமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தஞ்சைப்பெண்

எச்-4இல் தாராளமாகப் படிக்கலாம். முழு நேரமாகவும் படிக்கலாம், ஒரே ஒரு வகுப்பும் எடுக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். எஃப்-1 பக்கமே போகாதீர்கள். போனால் முழு நேரம் படித்தே தீர வேண்டும், கட்டணமும் ரெசிடெண்ட் அல்லாதவர் கணக்கில் கட்ட வேண்டும்.

முதலில் கட்டணத்தைப் பாருங்கள். கலிஃபோர்னியா ரெசிடெண்ட் என்றால் செமஸ்டர் கல்லூரிகளில் யூனிட்டுக்கு (பாட அளவு) 46 டாலர். நீங்கள் சொன்ன இரண்டும் குவார்ட்டர் முறை, அங்கே 31 டாலர். 1ஏ 5 யூனிட் வகுப்பு, ஆக 155 டாலர், மேலே கொஞ்சம் சில்லறைக் கட்டணங்கள். ரெசிடெண்ட் இல்லை என்று முத்திரை விழுந்துவிட்டால் இதே வகுப்பு பல மடங்கு. எச்-4 இருப்பவர்கள் ரெசிடெண்ட் ஆகலாம். வகுப்பு தொடங்கும் நாளுக்கு முன்னால் ஒரு வருடமும் ஒரு நாளும் இந்த மாநிலத்தில் குடியிருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். விசிட்டர் விசாவில் வந்து இருந்த மாதங்கள் இதில் சேராது.

அட்மிஷன் ஆபீஸில் உங்கள் பெயரில் உள்ள காகிதம் கேட்பார்கள். இங்கேதான் நம் பெண்கள் மாட்டிக்கொள்வது. லீஸ், கரண்ட் பில், இன்டர்நெட் பில் எல்லாம் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். டிரைவிங் லைசென்ஸ், ஜாயிண்ட் பேங்க் ஸ்டேட்மெண்ட், இருவரும் சேர்ந்து ஃபைல் செய்த வரி ரிட்டர்ன் இருந்தால் சமாளிக்கலாம். லீஸ் புதுப்பிக்கும்போது மறக்காமல் உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். எஸ்எஸ்என் (சோஷியல் செக்யூரிட்டி எண்) இல்லை என்பதற்காக விண்ணப்பம் நிற்காது.

1ஏ எடுப்பது வீண் இல்லை என்பது என் கட்சி. நானும் பி.காம்.தான், 1ஏ-வில்தான் தொடங்கினேன். நம் ஊர்ப் பாடமும் இந்த ஊர்ப் பாடமும் ஒன்றுதான் என்று நினைத்துப் போனால் முதல் வாரமே குழம்பும்.

கணக்குல வீக்

இந்த இழையில் ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேன். நான் பி.இ. இசிஇ, அக்கவுண்டிங்கில் அ-னா கூடத் தெரியாது. எச்-4 இஏடி இருக்கிறது, ஆனால் ஐடிக்குத் திரும்பப் போக மனசு இல்லை. தஞ்சைப்பெண் அக்கா, என்ன குழம்பும் என்று கொஞ்சம் விளக்குங்களேன். எதற்குப் பயப்பட வேண்டும் என்று முன்னாலேயே தெரிந்துகொள்கிறேன்.

தஞ்சைப்பெண்

வீக், உங்களுக்குக் குழம்பவே குழம்பாது, பழசு எதுவும் தலையில் இல்லையே!

எங்களுக்கு ப்ளஸ் ஒன்னில் உருவேற்றியது மூன்று விதி. பெறுபவரைப் பற்று (டெபிட்) வை, தருபவரை வரவு (கிரெடிட்) வை. உள்ளே வருவதைப் பற்று வை, வெளியே போவதை வரவு வை. செலவு நட்டமெல்லாம் பற்று, வருமானம் இலாபமெல்லாம் வரவு. ஒரு கணக்கைப் பார்த்ததும் இது ஆள்சார் கணக்கா, சொத்துக் கணக்கா, பெயரளவுக் கணக்கா என்றுதான் மூளை தேடும். இங்கே அந்தப் பேச்சே கிடையாது. சொத்து = பொறுப்பு + முதல் என்ற ஒரு சமன்பாடு, எந்தக் கணக்கு எந்தப் பக்கம் ஏறும் என்பது மட்டும்தான். விடை ஒன்றேதான் வரும். ஆனால் பேராசிரியர் 'ஏன் டெபிட்?' என்று கேட்கும்போது பெறுபவர் தருபவர் என்று சொன்னால் அவர் முழிப்பார்.

இன்னும் சில. நம் ஊரில் கம்பெனி இருப்புநிலைக் குறிப்பில் நிலம், கட்டடம், இயந்திரம் முதலில் வரும். இங்கே ரொக்கம் முதலில், நிலம் கீழே. இலாப நட்டக் கணக்கை இடது வலது என்று இரண்டு பக்கமாகப் போட்டுப் பழகியவர்கள் இங்கே மேலிருந்து கீழாக எழுத வேண்டும். சரக்கு மதிப்பீட்டில் லிஃபோ (கடைசியில் வந்தது முதலில் போனதாகக் கணக்கிடும் முறை) என்று ஒன்றை நம் ஊரில் 'அனுமதி இல்லை' என்று ஒரு வரியில் தாண்டிவிடுவோம். அமெரிக்காவில் அது சட்டப்படி செல்லும், பரீட்சையில் பக்கம் பக்கமாகக் கணக்கு வரும். அப்புறம் காற்புள்ளி. 1,25,000 என்று எழுதி எழுதிப் பழகிய கைக்கு 125,000 வருவதற்குள் பாதிப் பரீட்சை முடிந்துவிடும்.

பழைய பேரேடு

சாண்டா கிளாராவில் சின்ன சிபிஏ (நம் ஊர் சிஏ மாதிரி) ஆபீஸ் ஒன்றில் இருக்கிறேன். ஆள் எடுக்கும் பொறுப்பும் கொஞ்சம் என் தலையில். அதனால் வகுப்பில் உட்காருபவர் பக்கமாக இல்லாமல், வருகிற ரெசூமேக்களைப் பார்க்கிறவனாகச் சொல்கிறேன்.

வைகைக்கரை அம்மா, வேலை கிடைக்குமா என்று கேட்டீர்கள். எந்த வேலை என்று சொல்லவில்லை. அதை முடிவு செய்யாமல் 1ஏ-வா 1பி-யா என்று பேசிப் பயனில்லை. கம்யூனிட்டி காலேஜ் அக்கவுண்டிங் மூன்று வெவ்வேறு ஊருக்குப் போகிற பஸ் நிற்கும் ஸ்டாண்டு மாதிரி. போர்டைப் பார்த்து ஏற வேண்டும்.

புக்கீப்பர், அக்கவுண்ட்ஸ் பேயபிள் வேலை என்றால் உங்கள் அனுபவமே முக்கால்வாசி போதும். டேலிக்குப் பதிலாக குவிக்புக்ஸ், இந்த ஊர் பேரோல், சேல்ஸ் டாக்ஸ் தெரிய வேண்டும். 1ஏ, 1பி, குவிக்புக்ஸ் வகுப்பு, முடிந்தது. சம்பளம்தான் அதற்கேற்ற மாதிரி இருக்கும். 2023 மே மாத அரசுப் புள்ளிவிவரப்படி புக்கீப்பிங் கிளார்க்குகளின் இடைநிலைச் சம்பளம் நாடு முழுக்க ஆண்டுக்கு 47,440 டாலர். அக்கவுண்டண்ட், ஆடிட்டர்களுக்கு 79,880. முதல் வகை வேலைகள் குறைந்துகொண்டே போகும் என்றுதான் அதே துறையே கணித்திருக்கிறது.

வரி வேலை என்றால் வேறு கதை. கலிஃபோர்னியாவில் காசு வாங்கிக்கொண்டு ரிட்டர்ன் போட, சிபிஏ, ஈஏ, வக்கீல் மாதிரி விலக்கு உள்ளவர்களைத் தவிர மற்றவர்கள் சிடெக் (வரிக் கல்விக் கவுன்சில்) அமைப்பில் பதிவு செய்ய வேண்டும். 60 மணி நேரப் படிப்பு, 5,000 டாலருக்கு ஒரு உத்தரவாதப் பாண்டு. அதற்கு மேல் போனால் ஈஏ, அதாவது என்ரோல்டு ஏஜெண்ட். அதற்குப் பட்டமே கேட்பதில்லை. தனிநபர் வரி, நிறுவன வரி, ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) முன் ஆஜராவது என்று மூன்று தாள். பி.காம். பட்டம் எத்தனை யூனிட்டுக்குச் சமம் என்ற தலைவலி எதுவும் இல்லாமல் நேரே எழுதலாம். எஸ்எஸ்என் இல்லாதவர்களுக்கு பிடின் எண் (வரி ரிட்டர்ன் போடுபவருக்கான எண்) வாங்குவதில் சிக்கல் உண்டு, அதை மட்டும் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது சிபிஏ. இதில்தான் நம்மவர்கள் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதலில் வகுப்புகளை எடுத்துக் குவிக்கிறார்கள், அப்புறம் இவேலுவேஷன் (இந்தியப் படிப்பு இங்கே எதற்குச் சமம் என்ற மதிப்பீடு) செய்கிறார்கள். கையில் இருப்பது என்ன என்று தெரியாமல் கடைக்குப் போவானேன்? சிபிஏ லைசென்ஸ் தரும் கலிஃபோர்னியா மாநில வாரியம் ஏற்கிற இவேலுவேஷன் நிறுவனங்களின் பட்டியல் வாரியத் தளத்திலேயே இருக்கிறது. அதில் ஒன்றிடம் கொடுங்கள். பரீட்சை எழுத பட்டமும், அக்கவுண்டிங்கில் 24 செமஸ்டர் யூனிட்டும், பிசினஸ் பாடங்களில் 24 யூனிட்டும் வேண்டும். லைசென்சுக்கு இதுவரை இருந்த விதி மொத்தம் 150 யூனிட், அதற்குள் கூடுதல் அக்கவுண்டிங் பாடம் 20, எத்திக்ஸ் 10. நமது மூன்று வருடப் பட்டத்தை சிலர் முழு பேச்சிலர் என்பார்கள், சிலர் மூன்று வருடப் படிப்பு என்று மட்டும் எழுதுவார்கள். இந்த ஒரு வரியில்தான் உங்கள் அடுத்த இரண்டு வருடம் தொங்குகிறது. சிஏ இன்டரில் ஒரு குரூப்புக்கு யூனிட் கிடைக்கும் என்று கணக்குப் போட வேண்டாம்.

1ஏ பற்றி: பி.காம். பாடங்களில் அடிப்படை அக்கவுண்டிங்குக்கு யூனிட் கிடைத்துவிட்டால், அதே பாடத்தை இங்கே மறுபடி எடுத்தால் இரண்டு முறை எண்ண மாட்டார்கள். 155 டாலர் போகட்டும், மூன்று மாதம் போகுமே.

ஆஸ்டின் ராசா

நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறேன், யாரும் கோபிக்க வேண்டாம். இந்தத் துறையே கரைந்துகொண்டிருக்கிறது. ரசீதைப் போட்டோ எடுத்தால் மென்பொருளே கணக்கு எழுதிவிடுகிறது. மிச்சத்தை இந்தியாவுக்கு அனுப்புகிறார்கள். என் சித்தப்பா மகள் சென்னையில் உட்கார்ந்து ஓஹாயோக்காரனுக்கு வரி ரிட்டர்ன் போடுகிறாள். நீங்கள் இங்கே காசு கட்டிப் படித்து அவளோடு போட்டி போடப் போகிறீர்களா? அதே நேரத்தில் டேட்டா அனலிட்டிக்ஸ் படிக்கலாம்.

இன்னொன்று. கலிஃபோர்னியாவில் சொல்வதை அப்படியே டெக்சாஸில் நம்பிவிடாதீர்கள். இங்கே சிபிஏவுக்கு மேல்நிலை அக்கவுண்டிங் பாடங்கள்தான் எண்ணப்படும். எல்லாக் கம்யூனிட்டி காலேஜிலும் எடுத்தது செல்லாது, வாரியம் ஒப்புக்கொண்ட சில கல்லூரிகள் மட்டும்தான்.

நைட் ஷிப்ட்

ஆஸ்டின் அண்ணா சொன்ன அந்தச் சென்னைக்காரி மாதிரி ஆள்தான் நானும். பெருங்குடியில் அமெரிக்க வரி வேலை. ஜனவரியிலிருந்து ஏப்ரல் 15 வரை வீட்டில் யாருக்கும் என் முகம் தெரியாது.

எங்களிடம் வருவது என்ன என்று சொன்னால் புரியும். டபிள்யூ-2, 1099 போன்ற வருமானப் படிவங்கள், புரோக்கர் ஸ்டேட்மெண்ட் எல்லாம் ஸ்கேன் ஆகி வரும். நாங்கள் மென்பொருளில் ஏற்றுவோம், போன வருட ரிட்டர்னோடு ஒப்பிட்டு, விடுபட்டதைக் கேள்விப் பட்டியலாக எழுதி அனுப்புவோம். அத்தோடு சரி. கிளையண்டோடு நாங்கள் ஒரு வார்த்தை பேசியது இல்லை. 'போன வருடம் வாடகை வருமானம் இருந்ததே, இந்த வருடம் காணோமே' என்று நான் எழுதுவேன். அந்த வீடு விற்றதா, மகன் குடிவந்துவிட்டானா, விவாகரத்தில் போய்விட்டதா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அங்கே இருப்பவர். அமெரிக்காவுக்கு வெளியே தகவலை அனுப்ப கிளையண்டு கையெழுத்துப் போட்ட ஒப்புதல் வேண்டும், வரிச் சட்டப் பிரிவு 7216. அதில் கையெழுத்துப் போட மறுப்பவர்களும் உண்டு. அவர்களுடைய கோப்பு எங்கள் திரைக்கே வராது.

ஆக, தட்டச்சு வேலைக்குப் படிக்காதீர்கள் என்று ஆஸ்டின் அண்ணா சொன்னால் சரி. அக்கவுண்டிங்கே படிக்காதீர்கள் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கள் ஆபீஸிலேயே பாதிப் பேர் ஈஏ எழுதிக்கொண்டிருக்கிறோம்.

பழைய பேரேடு

நைட் ஷிப்ட் தம்பி அல்லது தங்கை, கச்சிதமாகச் சொன்னீர்கள். எங்கள் ஆபீஸில் பிப்ரவரி மாதம் கிளையண்டோடு போனில் பேசத் தெரிந்த ஆள் கிடைக்காமல்தான் தவிக்கிறோம், பதிவு போட ஆள் இல்லாமல் அல்ல.

ஆஸ்டின் ராசா சொன்னது: 'அதே நேரத்தில் டேட்டா அனலிட்டிக்ஸ் படிக்கலாம்'

சில வருடம் ஆடிட்டர் ஆபீஸில் இருந்தவரைப் போய் அடியிலிருந்து வேறு தொழில் தொடங்கச் சொல்வது எனக்குப் பிடிபடவில்லை ராசா. டெக்சாஸ் விதியைச் சொன்னது நல்லது, வேறு மாநிலத்தில் படிப்பவர்கள் அதை இருமுறை வாசிக்கவும். 150 யூனிட் விதியும் தளர்ந்து வருகிறது. 2025 ஜனவரியில் ஓஹாயோ முதலில் சட்டம் போட்டது: பேச்சிலர் பட்டமும் இரண்டு வருட அனுபவமும் இருந்தால் போதும் என்று ஒரு மாற்று வழி. அப்புறம் வரிசையாகப் பல மாநிலங்கள், கலிஃபோர்னியா உட்பட. எனவே யாராவது 2019இல் எழுதிய வலைப்பதிவை வைத்து முடிவெடுக்காதீர்கள். மாநில வாரியத் தளம் மட்டும்தான் பிரமாணம்.

கணக்குல வீக்

பெருமக்களே, நீங்கள் வாதாடி முடிப்பதற்குள் நான் 1ஏ-வில் சேர்ந்துவிட்டேன். ஆன்லைன் வகுப்பு. நான்கு அத்தியாயம் சுகமாகப் போனது, இப்போது மாட்டிக்கொண்டேன். கேள்வி இதுதான்: அக்டோபர் 1 அன்று கம்பெனி 12 மாத இன்சூரன்சுக்கு 2,400 டாலர் கட்டியது. டிசம்பர் 31 அன்று என்ன பதிவு? கட்டியாகிவிட்டதே, பிறகு என்ன பதிவு? ஹோம்வொர்க் மென்பொருள் என்ன போட்டாலும் சிவப்பில் பெருக்கல் குறி காட்டுகிறது. அந்த மென்பொருள் ஆக்சஸ் கோடுக்கு வகுப்புக் கட்டணத்துக்கு ஈடாகக் காசு வேறு வாங்கியிருக்கிறார்கள்.

வைகைக்கரை

இதற்கு நான் சொல்கிறேன், இது என் பேட்டை.

கட்டிய அன்று 2,400-ம் செலவு இல்லை, வீக். ஒரு வருடப் பாதுகாப்பை வாங்கி வைத்திருக்கிறீர்கள், அது சொத்து. முன்கூட்டிச் செலுத்திய காப்பீடு என்று அன்றைக்கு டெபிட், ரொக்கம் கிரெடிட். மாதத்துக்கு 200. அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதம் தீர்ந்துவிட்டது, 600 டாலர். அந்த 600-ஐ மட்டும் டிசம்பர் 31 அன்று இன்சூரன்ஸ் செலவில் டெபிட் செய்து, முன்கூட்டிச் செலுத்திய கணக்கில் கிரெடிட் செய்யுங்கள். மிச்சம் 1,800 இருப்புநிலைக் குறிப்பில் சொத்தாக உட்காரும். ரொக்கத்தைத் தொடாதீர்கள். நீங்கள் கேஷ் கிரெடிட் போட்டிருப்பீர்கள், அதனால்தான் சிவப்பு. இந்த மாதிரி ஆண்டு இறுதிச் சரிக்கட்டுப் பதிவில் ரொக்கம் வரவே வராது என்று பெரிதாக எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்குல வீக்

அக்கா!! பச்சை டிக்!! நீங்களே பாடம் எடுக்கலாம். 1ஏ உங்களுக்கு எதற்கு, போய் ட்யூட்டர் வேலைக்கு விண்ணப்பியுங்கள். ஓ, இஏடி. மன்னிக்கவும்.

தஞ்சைப்பெண்

ஆக்சஸ் கோடு பற்றி: அடுத்த முறை வகுப்பைத் தேடும்போது 'பாடநூல் செலவு இல்லை' என்ற குறி இருக்கிறதா பாருங்கள். கலிஃபோர்னியா கல்லூரிகளின் அட்டவணையில் அதைத் தனியாகக் காட்டுவார்கள். ஓபன்ஸ்டாக்ஸ் தளத்தில் ஃபைனான்ஷியல், மேனேஜீரியல் இரண்டுக்கும் இலவசப் பாடநூல் இருக்கிறது, சேராதவர்களும் படிக்கலாம்.

வைகைக்கரை சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். நம் ஊர் வினாத்தாளில் இந்தச் சரிக்கட்டுதல்கள் இருப்பாய்வுக்கு (கணக்குகளின் மீதிப் பட்டியல்) கீழே ஒரு பட்டியலாக வரும், நேரே இறுதிக் கணக்கில் கூட்டிக் கழித்துவிடுவோம். இங்கே ஒவ்வொன்றுக்கும் பதிவு, பேரேட்டில் ஏற்றுவது, திருத்திய இருப்பாய்வு, அப்புறம் வருமானம் செலவுக் கணக்குகளை மூடும் பதிவு என்று படிப்படியாகக் கேட்பார்கள். தெரிந்தவர்களுக்கும் கை பழக வேண்டும். அதனால்தான் 1ஏ வீண் இல்லை என்றேன், இப்போதும் அதையேதான் சொல்வேன்.

வரி ரிட்டர்னில் லைஃப்டைம் லேர்னிங் கிரெடிட் என்று ஒன்று உண்டு, கட்டிய கட்டணத்தில் 20 சதவீதம், ஒரே ஒரு வகுப்புக்கும் கோரலாம். ஆனால் சேர்ந்து ஃபைல் செய்யும் தம்பதியின் வருமானம் 1.8 லட்சம் டாலர் தொட்டால் பூஜ்யம். இந்த சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் இரண்டு பேர் வேலை பார்க்கும் வீட்டில் இந்தப் பேச்சே வேண்டாம். 2026 வரி ஆண்டிலிருந்து எஸ்எஸ்என் இல்லாமலும் கோர முடியாது.

வைகைக்கரை

பழைய பேரேடு சார் சொன்னபடி இவேலுவேஷனுக்குக் கொடுத்தேன். கொடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பல்கலைக்கழகத்திலிருந்து உறையில் சீல் வைத்து, ஒட்டிய இடத்தின் மேலேயே கையெழுத்தும் முத்திரையும் போட்டு, நேரே இங்கே அனுப்ப வேண்டும். அங்கே அப்பா போய் டிடி எடுத்து, விண்ணப்பம் வாங்கி, 'சார் லீவு' என்று திரும்பி, மறுபடி போய். உறையில் அமெரிக்க முகவரி எழுத வேண்டும் என்றால் 'நீங்களே எழுதிக்கொண்டு வாங்க' என்றார்களாம்.

முடிவு வந்துவிட்டது. என் பி.காம். மூன்று வருடப் படிப்பு என்றுதான் எழுதியிருக்கிறார்கள், பேச்சிலர் என்று இல்லை. ஆனால் அக்கவுண்டிங் யூனிட்டுகள் நினைத்ததைவிட நிறைய. காஸ்டிங், ஆடிட்டிங், இன்கம்டாக்ஸ் எல்லாமே அக்கவுண்டிங்காக எண்ணிவிட்டார்கள். கம்பெனி சட்டம், பொருளாதாரம், புள்ளியியல் எல்லாம் பிசினஸ் கணக்கில். இப்போது என்ன செய்வது? பட்டத்துக்காக சான் ஹோசே ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு மாற வேண்டுமா?

பழைய பேரேடு

இது நல்ல முடிவுதான், முகம் வாட வேண்டாம். அக்கவுண்டிங் ஓட்டை சின்னது, பட்ட ஓட்டை பெரியது என்று தெரிந்துவிட்டது. இது தெரியாமல் நீங்கள் 1ஏ, 1பி, 1சி எடுத்திருந்தால் அடைபட்டிருக்கும் ஓட்டையையே மறுபடி அடைத்துக்கொண்டிருப்பீர்கள்.

என் யோசனை. சிபிஏதான் வேண்டும் என்றால் பட்டம் தேவை, அதற்கு ஏதோ ஒரு நான்கு வருடக் கல்லூரியில் மிச்சத்தை முடிக்க வேண்டும். இவேலுவேஷனை எடுத்துக்கொண்டு முதலில் அங்கே போய், எவ்வளவை ஏற்பீர்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். எவ்வளவு ஏற்பது என்பது ஒவ்வொரு கல்லூரியின் விருப்பம். அவர்கள் கேட்கும் கீழ்நிலைப் பாடங்களை, ஆங்கிலம், புள்ளியியல் போல, கம்யூனிட்டி காலேஜில் மலிவாக முடித்துக்கொண்டு போங்கள். அதற்குள் இஏடி வந்துவிட்டால் வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். 2015இல் வந்த விதிப்படி ஐ-140 ஆனதுமே விண்ணப்பிக்கலாம்.

அந்த இடைவெளியில் இங்கே ஒரே ஒரு உருப்படியான வகுப்பு எடுங்கள்: இன்டர்மீடியட் அக்கவுண்டிங். 1ஏ அல்ல. அமெரிக்க முறையில் லீஸ், கடன்பத்திரம், வருமானத்தை எப்போது காட்டுவது எல்லாம் அதில்தான் வரும். சிபிஏ தாள்களில் எல்லோரும் அலறும் ஃபார் (நிதிக் கணக்கியல், அறிக்கை) தாளுக்கும் அடித்தளம் அதுதான். 2024 ஜனவரியிலிருந்து மூன்று கட்டாயத் தாள், ஒரு விருப்பத் தாள், ஒவ்வொன்றிலும் 75 வாங்க வேண்டும். ரெசூமேயில் 'இன்டர்மீடியட், ஏ கிரேடு' என்று ஒரு அமெரிக்க வரி இருந்தால் மதுரை அனுபவத்தை நான் கூடுதல் நம்பிக்கையோடு வாசிப்பேன். நியாயமா என்று கேட்டால் நியாயமில்லைதான். ஆனால் நடப்பது அப்படி.

முன்தகுதியாக அடிப்படை வகுப்புகளைக் கேட்பார்கள். மார்க்‌ஷீட்டையும் இவேலுவேஷனையும் காட்டி விலக்குக் கேளுங்கள், கவுன்சிலிங் பக்கத்தில் அதற்கென்று படிவம் உண்டு.

தஞ்சைப்பெண்

பேரேடு சாரோடு எனக்கு 1ஏ சண்டை இன்னும் முடியவில்லை, ஆனால் இவர் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். அந்த இன்சூரன்ஸ் பதிலை இவ்வளவு தெளிவாகச் சொன்னவருக்கு இன்டர்மீடியட் தாங்கும்.

வேலை அனுமதி இல்லாத காலத்துக்கு ஒன்று சொல்கிறேன். வீட்டா என்று ஐஆர்எஸ் நடத்தும் இலவச வரி உதவித் திட்டம். குறைந்த வருமானக்காரர்களுக்குத் தன்னார்வலர்கள் ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பார்கள். பயிற்சி இலவசம், ஆன்லைன் தேர்வில் 80 சதவீதம் எடுத்தால் சான்றிதழ். இது எல்லோருமே சம்பளமில்லாமல் செய்யும் தொண்டு, அதனால் எச்-4இல் செய்யலாம் என்று என் வக்கீல் சொன்னார். உங்கள் வக்கீலிடம் நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் 'சம்பளம் இல்லாமல் எங்கள் கம்பெனியில் வந்து கற்றுக்கொள்ளுங்கள்' என்று யாராவது தனியார் கூப்பிட்டால் போகாதீர்கள், அது வேலை கணக்கில் வரும்.

நான் ஒரு நூலகத்தில் நடந்த முகாமில் உட்கார்ந்தேன். 13614-சி என்று ஒரு படிவம், வந்தவரோடு உட்கார்ந்து வரி வரியாகக் கேட்டு நிரப்ப வேண்டும். கல்யாணம் ஆனவரா, வருடத்தின் கடைசி நாளில் யாரோடு இருந்தீர்கள், பிள்ளை யார் வீட்டில் எத்தனை மாதம் தூங்கியது. நம் ஊர் வரியில் இந்தக் கேள்விகளே இல்லை, அங்கே கணவனும் மனைவியும் தனித்தனி ஆள். இங்கே பாதி வேலை ஃபைலிங் ஸ்டேட்டஸ், அதாவது எந்த வகையில் ஃபைல் செய்வது என்பதுதான். ரிட்டர்ன் முடிந்ததும் இன்னொரு தன்னார்வலர் முழுவதையும் சரிபார்த்த பிறகுதான் அனுப்புவார்கள். பிள்ளை எங்கே தூங்கியது என்று ஒரு முன்பின் தெரியாத அம்மாவிடம் கூச்சமில்லாமல் கேட்கப் பழகியது எந்த வகுப்பிலும் கிடைத்திருக்காது.

ஆஸ்டின் ராசா

வீட்டா எனக்குத் தெரியாது, நல்ல தகவல். அனலிட்டிக்ஸ் பற்றி என் கருத்து மாறவில்லை. ஆனால் என் மனைவி இந்த இழையை முழுக்க வாசித்துவிட்டு ஆஸ்டின் கம்யூனிட்டி காலேஜ் தளத்தைத் திறந்து வைத்திருக்கிறார். வீட்டில் என் பேச்சுக்கு மதிப்பு அவ்வளவுதான்.

பழைய பேரேடு

அவரை டெக்சாஸ் வாரியப் பட்டியலை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

வைகைக்கரை

முன்தகுதி விலக்கு கிடைத்துவிட்டது! ஆனால் இன்டர்மீடியட் வகுப்பு நிரம்பிவிட்டது, வெயிட்லிஸ்ட்டில் ஆறாவது. புதிதாகச் சேர்பவர்களுக்குப் பதிவு தேதியே கடைசியில்தான் கொடுத்தார்கள். ஆறாவது என்றால் நம்பிக்கை உண்டா?

தஞ்சைப்பெண்

நிச்சயம் உண்டு. முதல் வாரத்தில் கட்டணம் கட்டாதவர்களும் பயந்து ஓடுபவர்களும் சேர்ந்தே ஏழெட்டுப் பேர் கழன்றுவிடுவார்கள். வகுப்பு தொடங்குவதற்கு முன்னாலேயே பேராசிரியருக்கு இரண்டு வரி மெயில் போடுங்கள்: பெயர், மாணவர் எண், வெயிட்லிஸ்ட்டில் இருக்கிறேன், இடம் வந்தால் சேர விருப்பம். சுயசரிதை வேண்டாம். நேரடி வகுப்பு என்றால் முதல் நாள் போய் உட்கார்ந்துவிடுங்கள். இடம் இருந்தால் ஆட் கோடு (சேர்வதற்கான எண்) கொடுப்பார். கொடுத்த அன்றைக்கே போட்டுவிடுங்கள், அதற்குக் கெடு உண்டு. போட்டதும் கட்டணத்தையும் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் சிஸ்டம் தானாகவே தூக்கிவிடும்.

கணக்குல வீக்

1பி-க்கு நான் வெயிட்லிஸ்ட்டில் இரண்டாவது. அந்த இரண்டு வரி மெயிலை நானும் அப்படியே காப்பி அடித்துக்கொள்கிறேன்.